காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்குப் போயிருக்கிறவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

பொருநைக்கரையான் | சனி, இரவு 9:52

இன்னைக்குச் சாயங்காலமும் அங்கதான் இருந்தேன். ரூமுக்கு வந்ததும் இதை எழுதணும்னு தோணிச்சு.

வங்கி வேலையில மாற்றல் வந்து நான் கொல்கத்தா வந்தது 2018 ஜூன். குடும்பம் பாளையங்கோட்டையிலேயே இருந்தது. பிள்ளைங்க படிப்பு, அம்மா உடம்பு, எல்லாத்தையும் யோசிச்சுத் தனியாத்தான் வந்தேன். முதல் மூணு மாசம் சனி, ஞாயிறு வந்தாலே பயமா இருக்கும். பாஷை தெரியாது. ஆபீஸ்ல இந்தியில சமாளிச்சிடலாம், ரூமுக்கு வந்தா பேச ஆளில்ல.

ஒரு சனிக்கிழமை மகளுக்குக் கணக்குப் புத்தகம் தேடி காலேஜ் ஸ்ட்ரீட் போனேன். நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைங்க. தகரப்பெட்டி மாதிரி சின்னச் சின்னதா, கழுத்தளவுக்குப் புத்தகம் அடுக்கி வச்சிருப்பாங்க. திடீர்னு மழை பிடிச்சுது. கடைக்காரங்க எல்லாரும் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடிட்டாங்க. ஒதுங்க இடம் தேடி பங்கிம் சாட்டர்ஜி தெருவுல ஒரு பழைய கட்டடத்துப் படியில ஏறினேன். சுவரெல்லாம் கிழிஞ்ச நோட்டீஸ், கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் அழைப்பு. மேல போகப் போக ஒரு இரைச்சல். நெல்லையப்பர் தேரோட்டத்தன்னிக்கு ரதவீதிக்குள்ள நுழையும்போது கேக்குமே, அந்த மாதிரி.

உள்ள ஒரு பெரிய கூடம். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கிற உயரத்துல கூரை. அங்கிருந்து நீள நீளக் கம்பியில மின்விசிறி தொங்குது. மேல சுத்திலும் கம்பி போட்ட மாடம், அங்கயும் மேசை. சுவர்ல ரவீந்திரநாத் தாகூர் படம் ஆளுயரத்துக்கும் பெருசா. ஒரு மேசைகூடக் காலி இல்ல. நனைஞ்ச சட்டையோட வாசல்லயே நின்னேன். தலைப்பாகை கட்டின பரிசாரகர் ஒருத்தர் என்னைப் பாத்துட்டு, மூணு பேர் உக்காந்திருந்த ஒரு மேசையைக் கையால காட்டினார். முன்பின் தெரியாதவங்க மேசையில போய் எப்படி உக்கார்றதுன்னு தயங்கினேன். அங்க இருந்த பெரியவர் நாற்காலியைக் காலால தள்ளிவிட்டு "போஷுன்" என்றார். உட்காருங்கன்னு அர்த்தம். நான் படிச்ச முதல் வங்காளச் சொல் அதுதான்.

ஒரு கறுப்புக் காபி. அங்க அதுக்குப் பேர் 'இன்ஃப்யூஷன்'. அதை வச்சுக்கிட்டு ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பில் வேணுமான்னு ஒருத்தர் வந்து கேக்கல, மேசையைத் துடைக்கிற சாக்குல வந்து நிக்கவும் இல்ல.

அதுக்கப்புறம் ஊர்ல இருக்கிற சனிக்கிழமைகள்ல நான் போகாத வாரம் கம்மி. அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ்ல என்கிட்ட பேச ஆரம்பிச்சவர், இப்போ முழுக்க வங்காளத்துலதான் பேசுவார். எனக்கும் புரியுது.

கட்டடத்தோட கதையும் அவர் சொல்லித்தான் தெரியும். 1876ல ஆல்பர்ட் ஹால்னு பேர் வச்சுப் பொதுக்கூட்டத்துக்காக உருவான இடம் இது. சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்த மோகன் போஸும் அதே வருஷம் ஜூலை 26ம் தேதி இந்தியச் சங்கத்தைத் தொடங்கினது இங்கதான். 1883 டிசம்பர்ல முதல் தேசிய மாநாடு நடந்ததும் இங்கதான். காங்கிரஸ் பம்பாயில பிறந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. காபி வந்தது 1942ல.

இங்க வேற யாருக்காவது இந்த இடத்தோட பழக்கம் உண்டா?

---

கும்பகோணம் ரகு | சனி, இரவு 10:31

படிக்கவே சந்தோஷமா இருக்கு சார். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் காபியை நீங்க எப்படிக் குடிக்கிறீங்க?

நான் 2015ல ஒரு கல்யாணத்துக்காக வந்தப்போ மச்சான் அங்க கூட்டிட்டுப் போனார். எங்க வீட்டுல மூணு தலைமுறையா காபிக்கொட்டை வறுத்து அரைச்சு விக்கிறோம். அதனால நாக்கு கொஞ்சம் கண்டிப்பானது. பால் காபி தண்ணியா இருந்தது. கறுப்புக் காபி வாங்கிப் பாத்தேன், அதுல வாசனையே எழும்பல. நம்ம ஊர்ல பித்தளை ஃபில்டர்ல பொடியை அழுத்தி, கொதிச்ச தண்ணியை ஊத்தி, சொட்டுச் சொட்டா இறங்க விட்டா வர்ற முதல் டிகாக்‌ஷன் வேற சாமான். பொடியை வெந்நீர்ல ஊறவச்சு வடிகட்டுறது வேற. 'இன்ஃப்யூஷன்'னு அவங்க வச்ச பேரே அதைச் சொல்லிடுது. பொடி எவ்வளவு நல்லதா இருந்தாலும் அந்த வழியில கெட்டி வராது.

கட்டடம் பிரமாதம், நான் மறுக்கல. ஆனா காபிக்கடைன்னு சொன்னா எனக்குக் காபிதான் முதல்ல.

---

பொருநைக்கரையான் | சனி, இரவு 10:48

ரகு, காபி விஷயத்துல உங்க பக்கம்தான் நியாயம். வீட்டுல குடிக்கிற காபிக்கு நான் லேக் மார்க்கெட்ல தமிழ்க் கடையில அரைச்சுத் தர்ற பொடிதான் வாங்குறேன். காலையில அதைக் குடிச்சிட்டுத்தான் சாயங்காலம் அங்க போறேன்.

அங்க காசு கொடுக்கிறது அந்த நாற்காலிக்கு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

---

வடகரை செல்வி | ஞாயிறு, காலை 7:15

இந்த இழையை ராத்திரியே பாத்துட்டேன். தூக்கம் வரல. காலையில எழுந்ததும் எழுதறேன்.

நான் பிறந்து வளர்ந்ததே கொல்கத்தாவுல. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில ஸ்டெனோகிராபர் வேலை. ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் வீடு. லேக் மார்க்கெட்ல வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும், அதனால ஊரை விட்டு வந்த மாதிரியே அம்மாவுக்குத் தோணாது. 1987ல பிரெசிடென்சி கல்லூரியில சேர்ந்தேன். எஸ்பிளனேடு வரைக்கும் பஸ், அங்கிருந்து 5ம் நம்பர் டிராம். வெலிங்டன், பவ்பஜார் தாண்டி காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குள்ள நுழையறப்போ டிராம் நடந்து போற வேகத்துக்கு இறங்கிடும், ஏன்னா தண்டவாளத்து மேலயே புத்தகக் கட்டு இறக்கிட்டிருப்பாங்க.

காபி ஹவுஸ் கல்லூரிக்கு எதிர்ப்பக்கம். "அங்கெல்லாம் போகாதே, சிகரெட் புகையும் அரசியலும்தான் இருக்கும்"னு அப்பா முதல் நாளே சொல்லிட்டார். ரெண்டும் இருந்தது உண்மைதான். புகை மேல மாடம் வரைக்கும் மண்டியிருக்கும். வீட்டுக்குப் போனா துப்பட்டாவுல வாசனை. அம்மா மோந்து பாத்துட்டு அப்பாகிட்ட சொல்லாம துவைச்சுப் போட்டுடுவாங்க.

முதல் தடவை நாலு பொண்ணுங்க சேர்ந்து போனோம். உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு பயந்தோம். யாரும் பாக்கல. எல்லா மேசையிலும் அவங்கவங்க சண்டை. ஒரு மேசையில கவிதை வாசிப்பு, பக்கத்து மேசையில ரெண்டு பேர் ஏதோ கட்சிப் பிளவைப் பத்திக் கத்திக்கிட்டிருந்தாங்க. எங்ககிட்ட இருந்த காசுக்கு ரெண்டு காபியும் ஒரு பிளேட் பகோடாவும்தான் வந்தது, அதை நாலா பிரிச்சுக்கிட்டோம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எங்களை யாரும் எழுப்பல. ஒரு பொண்ணு பொது இடத்துல, ஆம்பளைத் துணை இல்லாம, சும்மா உக்காந்து பேசலாம்னு எனக்குத் தெரிஞ்ச முதல் இடம் அது. நல்ல காபி அதுக்கப்புறம் எத்தனையோ இடத்துல குடிச்சிட்டேன் ரகு.

கபிராஜி கட்லெட்டைப் பத்தி யாரும் சொல்லலயே! முட்டையை அடிச்சு, கொதிக்கிற எண்ணெயில தெளிச்சு, நூல் நூலா பொரிஞ்சு வர்றதை கட்லெட் மேல போர்வை மாதிரி சுத்தியிருப்பாங்க. முதல் சம்பளம் வந்தப்போ நான் ஒரு முழு கபிராஜி தனியா சாப்பிட்டேன். அது 1991.

வங்காளிங்க இந்தப் பேச்சை 'அட்டா'ன்னு சொல்லுவாங்க. நம்ம திண்ணைப் பேச்சுக்குக் கிட்ட வரும், ஆனா அதே இல்ல. திண்ணையில தெரிஞ்சவங்கதான் உக்காருவாங்க.

இப்போ கோயம்புத்தூர்ல இருக்கேன். 1994க்கு அப்புறம் கொல்கத்தா போகவே இல்ல. அந்தப் படிக்கட்டுச் சுவர்ல இன்னும் நோட்டீஸ் இருக்குன்னு நீங்க எழுதினதைப் படிச்சுக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி.

---

பெரியகோயில் நிழல் | ஞாயிறு, காலை 9:04

அருமையான இழை. இன்னொரு பெருமையும் சேர்த்துக்கலாம். நம்ம திருச்சியில பிறந்த சர் சி.வி. ராமன் கொல்கத்தாவுல இருந்த காலத்துல இந்தக் காபி ஹவுஸ்லதான் மாணவர்களோட பேசுவாராம். வாட்ஸ்அப்ல வந்தது.

---

வடகரை செல்வி | ஞாயிறு, காலை 9:40

அது நடந்திருக்க முடியாதுங்க. ராமன் கொல்கத்தாவை விட்டு பெங்களூருக்குப் போனது 1933. அங்க காபி வந்தது 1942. நடுவுல ஒன்பது வருஷம்.

ஆனா அவர் அந்தத் தெருக்கள்ல நடந்திருப்பார்ங்கிறது நிச்சயம். அவர் ஆராய்ச்சி செஞ்ச இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அப்போ பவ்பஜார் தெருவுல 210ம் எண். நான் டிராம்ல கடந்து போவேன்னு சொன்னேனே, அந்தப் பக்கம்தான். 1928 பிப்ரவரி 28ல அவர் ராமன் விளைவைக் கண்டது அங்கதான்.

இதே மாதிரி சத்யஜித் ராய் பேரையும் எல்லாரும் காலேஜ் ஸ்ட்ரீட்டோட சேர்த்துச் சொல்லுவாங்க. அவரும் பிலிம் சொசைட்டி நண்பர்களும் வழக்கமாப் போனது சித்தரஞ்சன் அவென்யூவுல இருக்கிற இன்னொரு காபி ஹவுஸ். அமர்த்தியா சென் மட்டும் சந்தேகமே இல்லாம நம்ம ஆளு. 1951ல இருந்து 53 வரைக்கும் பிரெசிடென்சியில படிச்சவர், இந்தக் காபி ஹவுஸ் பேச்சைப் பத்தி அவரே எழுதியிருக்கார். 'கிருத்திபாஸ்' பத்திரிகைக் கவிஞர்கள், 1961ல கிளம்பின 'பசித்த தலைமுறை'ங்கிற வங்காள இலக்கிய இயக்கத்துக்காரங்க எல்லாரும் இங்க உக்காந்தவங்கதான். 1962ல கொல்கத்தா வந்த அமெரிக்கக் கவி ஆலன் கின்ஸ்பெர்க் அவங்களைப் பாத்ததும் இங்கதான்.

---

பெரியகோயில் நிழல் | ஞாயிறு, காலை 9:58

நன்றி அக்கா. எனக்கு அனுப்பினவர்கிட்டயும் சொல்லிடறேன்.

---

வேணாட்டான் | ஞாயிறு, மதியம் 1:20

அண்ணாச்சி, நான் நாகர்கோவில். கொல்கத்தா பாத்ததில்ல. ஆனா காபி ஹவுஸ்னு சொன்னா எனக்கும் சொல்ல நிறைய உண்டு. திருவனந்தபுரம் தம்பானூர்ல பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய வந்தா செங்கல் நிறத்துல உருளையா ஒரு கட்டடம் நிக்குமே, அதுதான் எங்களுக்குக் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டினது. உள்ள தளம்னு ஒண்ணு கிடையாது, ஒரே சரிவு சுத்திச் சுத்தி மேல போகும். சுவர்ல ஓட்டை ஓட்டையா செங்கல் ஜன்னல், அது வழியா காத்தும் வெளிச்சமும். மேசையும் பெஞ்சும் சிமென்ட்லயே கட்டி வச்சிருக்காங்க, சரிவுல ஒவ்வொண்ணும் ஒரு படி ஏறி நிக்கும். அப்பா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில கிடந்த நாற்பது நாளும் ராத்திரி அங்கதான் சாப்பிட்டேன். மசால் தோசைக்குள்ள பீட்ரூட் போட்டிருப்பாங்க, செக்கச்செவேல்னு இருக்கும்.

இந்தக் காபி ஹவுஸெல்லாம் யாரோடது தெரியுமா? தொழிலாளிங்களோடது. அது பலருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்லுதேன்.

1930கள்ல நம்ம மலைகள்ல விளைஞ்ச காபிக்கு வெளிநாட்டுல விலை விழுந்துபோச்சு. குடகு, சிக்கமகளூர், நீலகிரி, சேர்வராயன் மலை, எல்லா இடத்துலயும் கொட்டை தேங்கிக் கிடந்தது. உள்நாட்டுல குடிக்க வைக்கணும்னு காபி வரிக் குழு 1936ல பம்பாய் சர்ச்கேட்ல முதல் கடையைத் திறந்தது. பிறகு காபி வாரியம் ஊர் ஊராத் திறந்தது. உங்க ஆல்பர்ட் ஹால் கடையும் அப்படி வந்ததுதான். ஆக, தேநீர் குடிக்கிற வங்காளத்துல தென்னாட்டுக் காபியைக் கொண்டுபோய்ப் பழக்கின இடம் அது.

1950கள் நடுவுல வாரியம் கடைகளை மூடுறதுன்னு முடிவு பண்ணி ஆளுகளை வேலையை விட்டு அனுப்பத் தொடங்கிச்சு. அப்போ கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், அந்தத் தொழிலாளிங்களை ஒண்ணு சேர்த்து, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கன்னு கூட்டுறவுச் சங்கம் அமைக்க வச்சார். முதல் சங்கம் 1957 ஆகஸ்ட் 19ல பெங்களூர்ல. அதே வருஷம் அக்டோபர் 27ல டெல்லியில சங்கத்தோட முதல் கடை. 1958 மார்ச் 8ல திருச்சூர். காபி ஊத்துற ஆளே முதலாளி. விசிறி மடிப்புத் தலைப்பாகையோட வந்து நிக்கிறவர் முகத்துல ஒரு நிமிர்வு இருக்கும் பாருங்க, அதை நான் அதோட சேர்த்துத்தான் பாப்பேன்.

---

பொருநைக்கரையான் | ஞாயிறு, மதியம் 2:05

வேணாட்டான், இது எனக்குப் பாதிதான் தெரியும். கொல்கத்தாப் பக்கத்தை வாத்தியார் சொல்லியிருக்கார். 1958ல காலேஜ் ஸ்ட்ரீட் கடையை மூடிட்டாங்களாம். பிரெசிடென்சி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு மனு கொடுத்து அதே வருஷம் திரும்பத் திறக்க வச்சாங்க. இப்போ நடத்துறது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்தான்.

நான் யோசிச்சுப் பாக்கிறேன். ஒரு காபிக்கடை மூடினதுக்குப் பேராசிரியர்கள் மனு எழுதியிருக்காங்க!

---

அல்சூர் மணி | ஞாயிறு, மாலை 6:33

பெங்களூர்க்காரன் நான். எங்க தாத்தா காலத்துல இருந்து அல்சூர். மேல எழுதினதெல்லாம் படிச்சிட்டு சும்மா போக முடியல.

எம்.ஜி. ரோட்ல ஒரு காபி ஹவுஸ் இருந்தது. மர பெஞ்சு, பழுப்பேறின சுவர், பழைய காபி விளம்பரப் படங்க. அப்பா ஞாயித்துக்கிழமை காலையில என்னைக் கூட்டிட்டுப் போவார். அவருக்கு ஆம்லெட், எனக்கு தோசை. பேப்பரை நாலா பிரிச்சு ஆளுக்கு ஒரு தாள் படிப்போம். 2009 ஏப்ரல்ல அந்த இடத்தைக் காலி பண்ண வேண்டியதாச்சு. கடைசி நாள் உள்ள நிக்க இடமில்ல. பரிசாரகருங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதவங்களை நான் பாத்தேன்.

சர்ச் ஸ்ட்ரீட்ல திரும்பத் திறந்தாங்க. அதே ஆளுங்க, அதே தலைப்பாகை, அதே தோசை. விளம்பரப் படத்தையும் மாட்டினாங்க. முதல் ரெண்டு வருஷம் நான் போகல, கோவம். அப்புறம் ஒருநாள் என் பையனைக் கூட்டிட்டுப் போனேன். பழைய பரிசாரகர் ஒருத்தர் அப்பாவைப் பத்திக் கேட்டார். அவர் தவறிட்டார்னு சொன்னேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டு, கேக்காமலேயே ஒரு ஆம்லெட் கொண்டுவந்து வச்சார்.

கட்டடம் முக்கியமா, ஆளுங்க முக்கியமான்னு யாராவது கேட்டா எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனா காலேஜ் ஸ்ட்ரீட்ல உங்களுக்கு ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு. போய்க்கிட்டே இருங்க சார். வாரம் தவறாதீங்க.

---

கும்பகோணம் ரகு | ஞாயிறு, இரவு 8:47

மணி சார் எழுதினதைப் படிச்சப்புறம் என் முதல் பதிவைத் திரும்பப் பாத்தேன். காபியைப் பத்திச் சொன்னதுல மாத்தம் இல்ல. ஆனா இன்னொரு விஷயம் மனசுல ஓடிட்டே இருக்கு.

எங்க ஊர்ல நான் சின்ன வயசுல பாத்த ஹோட்டல்கள்ல ஒரு போர்டு மாட்டியிருப்பாங்க: 'இங்கு அரசியல் பேசாதீர்கள்'. சலூன்லகூட இருக்கும். இலை போட்டுட்டா சாப்பிடணும், எழுந்திருக்கணும். பின்னால ஒருத்தர் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அவ்வளவு ஒசந்த காபியை நின்னுக்கிட்டே ரெண்டு வாய்ல குடிச்சிட்டு டம்ளரை வச்சிட்டுப் போறோம். அந்தக் காபியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்கார எங்க ஊர்ல ஒரு கடை சொல்லச் சொன்னா என்னால சொல்ல முடியல.

இன்னும் பின்னால போனா யார் உள்ள வரலாம், எங்க உக்காரலாம்னே போர்டு இருந்த காலம். எங்க தாத்தா காலத்துல அந்த ஹோட்டல்களை 'காபி கிளப்'புன்னு சொல்லுவாங்க. 'பிராமணாள்'ங்கிற பேர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957ல திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. வேணாட்டான் சொன்ன கூட்டுறவுச் சங்கம் தொடங்கின அதே வருஷம்! தெரியாதவன் மேசையில 'போஷுன்'னு நாற்காலியைத் தள்ளிவிடறது சின்ன விஷயம் இல்ல சார். எங்க பொடி எவ்வளவு நல்லா இருந்தாலும் அதை எங்களால கலந்து கொடுக்க முடியல.

---

வடகரை செல்வி | ஞாயிறு, இரவு 9:10

ரகு, இதைத்தான் நான் காலையில எழுத நினைச்சு வார்த்தை வராம விட்டேன்.

---

வேணாட்டான் | ஞாயிறு, இரவு 9:26

ரகு சொல்லுதது சரிதான். ஆனா நம்ம பக்கத்துல டீக்கடை பெஞ்சு உண்டு. தினத்தந்தியை ஒருத்தர் சத்தமா வாசிக்க பத்துப் பேர் கேட்ட இடம் அது. உக்கார விடாத ஊர்னு முழுசாச் சொல்லிர முடியாது. பொம்பளைங்க அந்த பெஞ்சுல உக்கார முடியாதுங்கிறதும் உண்மை, செல்வி அக்கா சொன்னதும் அதுதான்.

---

நிகழ்தகவு | ஞாயிறு, இரவு 11:02

வணக்கம். இங்க இது என் முதல் பதிவு. ஊர் விருதுநகர். பாரநகர்ல இருக்கிற இந்தியப் புள்ளியியல் கழகத்துல முதுகலை சேர்ந்து இருபது நாள் ஆகுது. இந்த இழையை முழுசாப் படிச்சேன். தனியாப் போகலாமா? எப்படிப் போறது? நான் சைவம், அங்க என்ன கிடைக்கும்?

---

பொருநைக்கரையான் | ஞாயிறு, இரவு 11:15

வாம்மா. பாரநகர் மெட்ரோவுல ஏறி மகாத்மா காந்தி ரோடு நிலையத்துல இறங்கு, அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பிரெசிடென்சியைக் கேட்டா எல்லாரும் வழி சொல்லுவாங்க. ஞாயிறு மதியம் அடைச்சிருவாங்க, அதனால சனிக்கிழமை போ. வெஜிடபிள் சாண்ட்விச் இருக்கும், கோல்ட் காபி இருக்கும். மாடத்துல உக்காந்தா கூடம் முழுக்கத் தெரியும். வெளிய வந்து கல்லூரிச் சதுக்கம் குளத்துப் பக்கம் போனா பாரமவுண்ட்னு ஒரு ஷர்பத் கடை. 1918ல இருந்து இருக்கு. இளநீர் ஷர்பத் கேளு.

உனக்கு இன்னொரு உறவும் இருக்கு அந்த இடத்தோட. உங்க கழகத்தை 1931ல புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் தொடங்கினது பிரெசிடென்சி கல்லூரிக்குள்ளதான். காபி ஹவுஸ் படியில நின்னா பக்கத்துல தெரியுற கல்லூரி.

---

வடகரை செல்வி | ஞாயிறு, இரவு 11:20

தைரியமாப் போ கண்ணு. போயிட்டு வந்து எழுது. படிக்கட்டுல என்ன நோட்டீஸ் ஒட்டியிருக்குன்னு பாத்துச் சொல்லு.

---

நிகழ்தகவு | அடுத்த சனி, இரவு 8:36

போயிட்டு வந்துட்டேன்.

செல்வி அக்கா, படிக்கட்டு: ஒரு நாடகக் குழு நோட்டீஸ், ரத்ததான முகாம், மாணவர் சங்கம் ரெண்டு (ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருக்கு), பழைய வங்காளக் கவிதைப் புத்தக வெளியீடு ஒண்ணு பாதி கிழிஞ்சிருந்தது. வங்காள எழுத்து எனக்கு இன்னும் சரியா வராது, பக்கத்துல ஏறி வந்த ஒரு அக்காகிட்டக் கேட்டுத்தான் எழுதி வச்சுக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தங்க கேட்டிருக்காங்கன்னு சொன்னேன். அவங்க என்னைத் தன்னோட மேசைக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அஞ்சு பேர் ஒரு சிறுபத்திரிகை நடத்துறாங்க. மெய்ப்புத் தாளை மேசை முழுக்கப் பரப்பி வச்சிருந்தாங்க, என் கோல்ட் காபியை வைக்க இடமில்லாம கையிலேயே வச்சுக்கிட்டு இருந்தேன். தமிழ்ல ஒரு கவிதை சொல்லுன்னாங்க. எனக்கு ஞாபகம் இருந்த ஒரு குறுந்தொகைப் பாட்டைச் சொல்லி, இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறி அர்த்தம் சொன்னேன். செம்புலப் பெயல்நீர். ஒருத்தர் அதை அப்படியே வங்காளத்துல எழுதிக்கிட்டார்.

புகை இப்போ அவ்வளவு இல்ல அக்கா. துப்பட்டாவை மோந்து பாத்தேன்.

பொருநைக்கரையான் சார், உங்களைத் தேடினேன். வெள்ளைத் தலை, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தாகூர் படத்துக்குக் கீழ தனியா உக்காந்திருந்தார், எதிர்ல ஒரு நாற்காலி காலியா இருந்தது. அவர்தான் கணக்கு வாத்தியாரா?

---

பொருநைக்கரையான் | சனி, இரவு 9:18

அவரேதான். இன்னைக்கு ஆபீஸ்ல தணிக்கை, என்னால வர முடியல. நாலு மணிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன், ஆனாலும் நாற்காலியை விடமாட்டார். அடுத்த சனி நாலரைக்கு நான் இருப்பேன். நீ நேரா அந்த மேசைக்கு வந்துரு. நிகழ்தகவுன்னு சொன்னாலே போதும், அவர் மூணு மணி நேரம் பேசுவார்.

---

வடகரை செல்வி | சனி, இரவு 9:31

ரத்ததான முகாம் நோட்டீஸ் அன்னைக்கும் இருந்தது.

டிசம்பர்ல டிக்கெட் பாக்கச் சொல்லி மகன்கிட்ட சொல்லிட்டேன். கோயம்புத்தூர்ல இருந்து சென்னை வந்து, அங்கிருந்து ராத்திரி ஹவுரா மெயில்.

---

கும்பகோணம் ரகு | சனி, இரவு 9:45

அக்கா, கிளம்பற தேதி சொல்லுங்க. அரைக் கிலோ பொடி அனுப்பறேன். பீபெரி, சிக்கரி இல்லாம. வாத்தியாருக்குக் கொடுங்க. ஃபில்டர் அவர் வீட்டுல இருக்காதுன்னா அதையும் சேர்த்தே அனுப்பிடறேன்.